மெட்டல் டிடெக்டர்: எண்ணை நம்பி ஏமாறும் இடங்கள்

மஞ்சள் வெட்டும்போது மோதிரம் நழுவிவிட்டது, களை எடுக்கும்போது தோடு விழுந்துவிட்டது என்று டிடெக்டருடன் காட்டில் இறங்குபவர்கள் முதலில் செய்யும் தவறு, திரையில் தெரியும் எண்ணை உலோகத்தின் பெயராக வாசிப்பது. கருவிக்குத் தங்கமும் தெரியாது, வெள்ளியும் தெரியாது. அதன் சுருள் அனுப்பும் காந்தப்புலம் மண்ணில் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்த எதிர்வினை எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைத்தான் அது எண்ணாக்குகிறது. மின்கடத்தும் திறன், பருமன், வடிவம், கிடக்கும் கோணம் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும்.

அதனால்தான் சின்னத் தோடும் கசங்கிய மாத்திரை அட்டையும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டுகின்றன. குப்பை வேண்டாமென்று அந்த எண்களுக்கு ஒலிக்காதபடி கருவியை அமைத்துவிட்டால் தோடும் சேர்ந்தே மௌனமாகிவிடும். தங்கம் தேடுபவர் மாத்திரை அட்டையையும் தோண்டித்தான் ஆக வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

சங்கிலி இன்னும் ஏமாற்றும். கனமான தாலிக்கொடி என்றால் சத்தமும் பலமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் மின்னோட்டம் கண்ணிகண்ணியாகத் துண்டுபட்டுச் சுழல்வதால், பெரும்பாலும் கொக்கியோ கோத்திருக்கும் தாலியோதான் கருவிக்குத் தட்டுப்படும். மோதிரமும் அப்படித்தான்: முழு வளையம் கணீரென்று ஒலிக்கும், அதையே ஓரிடத்தில் வெட்டிவிட்டால் எண் சட்டென்று இறங்கிவிடும்.

வேறொருவரின் வீடியோவில் பார்த்த எண்ணை மனப்பாடம் செய்வதும் வீண். எக்வினாக்ஸ் 800 என்ற கருவி காட்டும் எண்கள் மைனஸ் 9 முதல் 40 வரை. ஏஸ் 400 கருவியில் 0 முதல் 99 வரை. உங்கள் மோதிரம், மாத்திரை அட்டை, ஆணி, ஒரு ரூபாய் நாணயம் ஆகியவற்றை உங்கள் மண்ணிலேயே வைத்து, திரையைத் துணியால் மூடிவிட்டுக் கேட்டுப் பழகுங்கள். 1992க்குப் பிந்தைய ஒரு ரூபாய் எஃகு நாணயம் என்பதால், செப்பு நாணயத்தைப் போல் நிலையாகப் பேசாது.

இரும்பு என்றாலே தாழ்ந்த ஒலி என்று நம்புவதுதான் அதிக வேர்வையை வீணாக்குகிறது. மாடு பூட்டி உழுத காடுகளில் தேய்ந்த லாடம் கிடக்கும். தட்டையாகவும் துளையோடும் இருக்கும் இரும்பு, வெள்ளி நாணயத்தைப் போல உயர்ந்த ஒலி எழுப்பக்கூடும். அப்போது எண்ணைப் பார்க்காமல் தொண்ணூறு பாகை திரும்பி நின்று சுருளை அதன்மேல் மறுபடி பக்கவாட்டில் அசையுங்கள். நல்ல இலக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலிக்கும். இரும்பு ஒரு பக்கம் கணீரென்றும் மறுபக்கம் கரகரப்பாகவும் உடையும், ஓரத்தில் உறுமும். வளைந்த ஆணி இந்தச் சோதனையில் அநேகமாக மாட்டிக்கொள்ளும். பெரிய இரும்புத் தகடு சில நேரம் தப்பிவிடும். ஆழம் காட்டும் அளவுகோலும் நாணய அளவுப் பொருளை வைத்தே கணக்கிடுகிறது. கலப்பைக் கொழு ஆழத்தில் இருந்தாலும் மேலோட்டமாகக் கிடப்பதுபோலக் காட்டும்.

நம் செவ்வல் மண்ணில் இரும்பு ஆக்சைடு அதிகம், அதற்கும் கருவி எதிர்வினை காட்டும். ஆகவே உலோகமில்லாத இடத்தில் சுருளை மேலும் கீழும் அசைத்து மண்ணுக்கேற்ப கருவியைச் சமன்படுத்த வேண்டும். செவ்வலிலிருந்து கரிசலுக்குப் போனாலும், தண்ணீர் பாய்ந்த வயலுக்கு மாறினாலும், மறுபடி சமன்படுத்துங்கள். மோட்டார் அறை, உயர் அழுத்த மின்கம்பி, மின்வேலி பக்கத்தில் கருவி தானாகவே கத்தினால் உணர்திறனைக் குறையுங்கள். அதை உச்சத்தில் வைத்தால் ஆழம் கூடும் என்பது பாதி உண்மை. இரைச்சலும் கூடவே ஏறும்.

நொய்யல் கரையில் கொடுமணல் போன்ற பழைய இரும்புருக்கும் ஊர்களில் உலைக் கசடே கருவியைக் குழப்பும். அங்கே ஒலியைவிடச் சட்டம் முக்கியம். தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டக் கூடாது. வேறெங்கேயானாலும் மண்ணில் புதைந்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.