கார்ல போடுற காத்து பம்போட பிளக் உடைஞ்சிருச்சா? நீங்களே மாத்திரலாம்

டயருக்கு காத்து அடிக்கிற குட்டி பம்ப், கார் வேக்வம் கிளீனர் மாதிரி சாமான்ல மோட்டார் நல்லா ஓடிட்டு இருக்கும்போதே கார் சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுற பிளக் போச்சுன்னு தூக்கிப் போடுறத பாத்தா எனக்கு மனசே கேக்காது. புது பிளக், வயர் கட்டர், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் இருந்தா போதும்.

முதல்ல ஃபியூஸ பாருங்க. பிளக்கோட மூக்குப் பக்கம், அதாவது சாக்கெட்டுக்குள்ள முதல்ல போற முனையில, திருகுற மூடி இருந்தா விரலால அமுக்கிப் பிடிச்சுட்டே கழட்டுங்க, இல்லைன்னா உள்ள இருக்குற ஸ்பிரிங் துள்ளி எங்கயாவது போயிரும். கண்ணாடி ஃபியூஸ்ல கம்பி அறுந்திருந்தா, பிளக்கும் உடையாம இருந்தா, அதே ஆம்பியர்ல வேற ஃபியூஸ் போட்டு ஓட்டிப் பாருங்க. பெருசா மட்டும் போடாதீங்க, ஃபியூஸ் போகாம வயர் எரியும்.

அடுத்தது ரொம்ப முக்கியம். வெட்டுறதுக்கு முன்னாடி சாமான் மேல ஒட்டியிருக்குற லேபிள்ல 12 வோல்ட்னு இருக்கான்னு படிங்க. டேஷ்கேம் (ரோட்ட படம் பிடிக்கிற கார் கேமரா), ஜிபிஎஸ் மாதிரி சிலதுக்கு 5 வோல்ட்தான் வேணும், அந்த 12அ 5ஆ குறைக்கிற சர்க்யூட் பிளக்குக்குள்ளயே இருக்கும், அதுல சாதா பிளக்க மாட்டுனா நேரா 12 வோல்ட் போயி சாமானே காலி.

வாட்ட 12ஆல வகுத்தா ஆம்பியர் வரும். 120 வாட் பம்ப்னா 10 ஆம்பியர், அத தாங்குற பிளக்கா வாங்குங்க.

இப்ப பழைய பிளக்குல ரெண்டு விரக்கடை வயர் ஒட்டியிருக்குற மாதிரி வெட்டுங்க. மூக்குதான் பிளஸ், பக்கவாட்டுல இருக்குற தகடு மைனஸ். வயர் கலர நம்பாதீங்க, மல்டிமீட்டர பீப் மோட்ல (ரெண்டு முனைக்கும் நடுவுல இணைப்பு இருந்தா கத்துற மோட்) வச்சு ஒரு முனைய பக்கத் தகட்டுலயும் இன்னொன்ன ஒவ்வொரு வயர்லயும் தொட்டுப் பாருங்க, கத்துறது மைனஸ், வெட்டுன இடத்துல அதோட தொடர்ச்சியா சாமான் பக்கம் இருக்குற வயரும் மைனஸ்தான். மூக்குல இருந்து பாத்தா ஃபியூஸ் போயிருந்தா கத்தாது, அதனாலதான் தகட்டுல பாக்க சொல்றேன். பிளஸ் மைனஸ் மாறுனா மோட்டார் ரிவர்ஸ்ல சுத்தலாம், எலக்ட்ரானிக்ஸ் இருந்தா புகைஞ்சிரும்.

புது பிளக்கோட பின் மூடியையும் ஹீட் ஷ்ரிங்க் டியூபையும் (சூடு காட்டுனா சுருங்கி ஜாயின்ட்ட மூடுற குழாய்) வயர்ல முதல்லயே கோத்துருங்க, பத்த வச்சப்புறம் நுழையாது. முனைய 6, 7 மில்லிமீட்டர் சீவி, இழைய முறுக்கி, பிளஸ்ஸ நடு முனையிலயும் மைனஸ்ஸ பக்க முனையிலயும் ஈயம் வச்சு பத்த வைங்க. ஸ்க்ரூ டைப் பிளக்னா ஈயம் பூசாம வெறும் இழையவே முறுக்குங்க, ஈயம் நாளாக நாளாக அமுங்கி ஸ்க்ரூ லூசாகிரும். வயர பிடிச்சு நிறுத்துற கிளிப் இருந்தா அத இறுக்காம விடாதீங்க, வயர பிடிச்சு இழுத்தா பிளக் உடைஞ்சிரும்.

மூடுறதுக்கு முன்னாடி சாமானோட ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு மூக்குக்கும் தகட்டுக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைங்க. கத்துச்சுன்னா உள்ள ஷார்ட், ஏதோ ஒரு இழை வெளிய நீட்டிட்டு இருக்கும், தேடி வெட்டுங்க. கத்தலைன்னா மூடிட்டு கார்ல சொருகி ஒரு அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க. கழட்டுனதும் மூக்க தொடாதீங்க, சூடா இருக்கலாம், பின்பக்கம் தொட்டுப் பாருங்க. லேசா வெதுவெதுப்பா இருந்தா பரவாயில்ல, கை வைக்க முடியாத சூடுன்னா ஜாயின்ட் சரியில்ல, பிரிச்சு மறுபடி பத்த வைங்க.