மதுரைக் கம்யூனிஸ்ட் தோழர் ஒருவரின் வரலாற்றை எழுத உட்காருகிறீர்களா?

முதலில் தேர்தல் முடிவுகளை ஓரமாக வையுங்கள். எம்எல்ஏ, எம்பி ஆன வருடங்களை மட்டும் கோர்த்தால் அது எந்தக் கட்சிக்காரருக்கும் பொருந்தும். பழைய கம்யூனிஸ்ட் தலைவர்களுக்குச் சிறை, தலைமறைவு, தொழிற்சங்கம் என்றே பாதி ஆயுள் போயிருக்கும்.

மார்க்சிஸ்ட் தலைவர் என்.சங்கரய்யாவையே பாருங்கள். அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. இறுதித் தேர்வு நெருங்கும்போது 1941இல் கைது, படிப்பு அதோடு சரி. பிறகு பிரிட்டிஷ் அரசு போட்ட மதுரை சதி வழக்கில் உள்ளே போனவர் வெளியே வந்தது சுதந்திரத்துக்கு முதல் நாள், அப்புறம் 1948க்குப் பிறகு கட்சிக்குத் தடை, தலைமறைவு, திரும்பவும் சிறை. சட்டமன்றத்துக்குப் போனது 1967இல்தான். தேர்தலில் ஆரம்பித்தால் 26 வருடம் காணாமல் போய்விடும்.

அதனால் ஒரு நோட்டில் வருடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிறதோ அதைத்தான் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். "எந்த வருஷம்?" என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. "கட்சி உடையறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?", "எமர்ஜென்சி அப்ப எங்க இருந்தாரு?" என்று கேளுங்கள், மதுரையின் பழைய பஞ்சாலையான ஹார்வி மில்லில் வேலை பார்த்த குடும்பமென்றால் கதை தானாக வரும்.

கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்த 1964 பிளவில் கவனம் வேண்டும். பி.ராமமூர்த்தி, சங்கரய்யா, ஜானகி அம்மாள் எல்லாம் மார்க்சிஸ்ட் (சிபிஎம்) பக்கம் போனார்கள், 1957இல் மதுரை எம்பி ஆன கே.டி.கே.தங்கமணி பழைய இந்திய கம்யூனிஸ்ட் கட்சியிலேயே (சிபிஐ) இருந்தார். ராமமூர்த்தி 1952இல் சிறையில் இருந்தபடியே மதுரை வடக்கில் ஜெயித்ததை எழுதும்போது 'சிபிஎம்' என்று போட்டுவிடாதீர்கள், அப்போது அப்படி ஒரு கட்சியே கிடையாது. தொகுதிப் பெயரும் குழப்பும்: 1967இல் மதுரை கிழக்கு ஜானகி அம்மாளுக்கு, மேற்கு சங்கரய்யாவுக்கு, 1977, 1980இல் அதே கிழக்கில் சங்கரய்யா.

கட்சிப் பொறுப்புகளுக்கு மாநாட்டு அறிக்கைகளும் ஜனசக்தி, தீக்கதிர் பழைய இதழ்களும் போதும், ஆனால் கட்சிப் பத்திரிகை தன் ஆளைத் திட்டாது, அதே வாரத்து வேறு நாளிதழையும் புரட்டுங்கள்.

வீட்டுக்காரர்களிடம் தனியாகப் பேசுங்கள், கட்சிக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. முழுநேர ஊழியருக்குக் கட்சி கொடுத்த படியில் அடுப்பு எப்படி எரிந்தது, அவர் தலைமறைவாக இருந்தபோது போலீஸ் வந்தால் யார் பதில் சொன்னார்கள் என்பதெல்லாம் எந்த அறிக்கையிலும் இருக்காது, மனைவியோ மகளோ சொன்னால்தான் உண்டு.