மங்கிய முகப்பு விளக்கைத் தெளிவாக்கிய என் அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் நிழலில்லாத வாசலிலேயே ஆண்டுக்கணக்கில் நின்ற எங்கள் காரின் முகப்பு விளக்குகள் கஞ்சி படிந்தாற்போல் மங்கிவிட்டதால், இரவில் பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் வரை ஓட்டுவதே எனக்கு அச்சமாக இருந்தது. பல்புகளை மாற்றினேன், வீண் செலவு. பற்பசையால் தேய்த்ததில் வந்த பளபளப்பும் சில வாரங்களில் மறைந்தது.

விளக்கின் மேல்மூடி கண்ணாடியன்று, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அதன்மேல் தொழிற்சாலையில் பூசிய காப்புப் பூச்சு வெயிலின் புற ஊதாக் கதிர்களால் சிதைவதே மங்கலுக்குக் காரணம் என்பதால், அந்தப் பூச்சின் மிச்சத்தை முழுவதும் நீக்கினாலன்றிப் பயனில்லை.

சுற்றியுள்ள பெயின்ட்டின் மீது மாஸ்கிங் டேப் ஒட்டி, 800 எண் வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளை நீரில் நனைத்து, மஞ்சளாக வழிந்த நீர் வெண்மையாகும் வரை தேய்த்தேன். அப்போது விளக்கு முன்னிலும் மோசமாகத் தெரியவே, "புது விளக்கே வாங்கியிருக்கலாம்" என்றார் என் மனைவி. அடுத்து 1500, 2000, 3000 என்று மேலும் மேலும் நுண்ணிய தாள்களால், ஒவ்வொரு முறையும் முந்தைய கீறலுக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும்; அவசரப்பட்டு 1500-ஐத் தவிர்த்த இடப்பக்க விளக்கில் வெயில் பட்டதும் கீறல்கள் தெரிந்ததால், அதை மறுபடியும் தேய்க்க நேர்ந்தது.

பிறகு ரப்பிங் காம்பவுண்ட் என்னும் மெருகுப் பசையை இட்டு மெருகேற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் க்ளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சை மெல்லிய இரு படலங்களாகத் தெளித்தேன். நம்மூர் வெயிலில் இவ்வேலையை விடியற்காலையில், நிழலில் செய்வதே நல்லது.