யூனிட்காரர்களின் லாபம்: ரீட் கணக்கில் தப்புக்கணக்கு போடும் இடங்கள்

அமெரிக்க ரீட்களில் (REIT, கட்டடங்களை வாடகைக்கு விட்டு வருமானத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் நிறுவனங்கள்) பல, கட்டடங்களைத் தன் பேரில் நேரடியாக வைத்துக்கொள்வதில்லை. கீழே ஒரு கூட்டாண்மை இருக்கும். சொத்தெல்லாம் அதன் பேரில். 1992-இல் டாப்மன் சென்டர்ஸ் கொண்டுவந்த இந்த அமைப்புக்கு அப்ரீட் (UPREIT) என்று பெயர். கட்டடத்தைக் கொடுத்தவர் பணத்துக்குப் பதில் கூட்டாண்மை யூனிட், அதாவது கூட்டாண்மையில் ஒரு பங்கு, வாங்கிக்கொள்வார். மூலதன ஆதாய வரி தள்ளிப்போகும். ஆனால் ரீட் தன் கணக்கில் முழு வாடகையையும் முழுச் செலவையும் காட்டும். யூனிட்காரர்களின் பங்கை லாப நஷ்டக் கணக்கின் கடைசியில்தான் பிரிக்கும்.

யூனிட்காரர்களுக்கென்று பிரித்துக் காட்டும் அந்தத் தொகையைச் செலவு என்று நினைப்பதுதான் முதல் தவறு. அது செலவல்ல, லாபப் பங்கீடு. 2009-க்கு முன்னால் 'மைனாரிட்டி இன்ட்ரஸ்ட்' என்று நிகர லாபத்துக்கு மேலேயே கழித்துவிடுவார்கள். இப்போது 'நான்-கன்ட்ரோலிங் இன்ட்ரஸ்ட்' என்ற பெயரில் நிகர லாபத்துக்குக் கீழே வருகிறது. பழைய அறிக்கையோடு ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய குளறுபடி எஃப்எஃப்ஓவில்தான் (FFO, நிகர லாபத்தோடு கட்டடத் தேய்மானத்தைக் கூட்டி, சொத்து விற்ற லாபத்தைக் கழித்தால் வரும் எண்). நிகர லாபம் 10 கோடி டாலர், கட்டடத் தேய்மானம் 10 கோடி, பங்குகள் 9 கோடி, யூனிட்கள் 1 கோடி என்று வைத்துக்கொள்வோம்; சொத்து விற்ற லாபம் ஏதும் இல்லை. யூனிட்காரர்களுக்கு 1 கோடி போனால் பங்குதாரர்களுக்கு 9 கோடி. பங்குக்கு 1 டாலர். இந்த 9 கோடியோடு முழுத் தேய்மானத்தையும் கூட்டி, 9 கோடி பங்கால் வகுத்தால் 2.11 வரும். தப்பு. யூனிட்காரர்களின் லாபத்தைத் திரும்பக் கூட்டினால் எஃப்எஃப்ஓ 20 கோடி. அதைப் பங்கும் யூனிட்டும் சேர்ந்த 10 கோடியால் வகுத்தால் 2.00. மேலே சேர்த்தால் கீழேயும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். 11 சென்ட்தானே என்று விடக்கூடாது. பங்கு விலையை மதிப்பிடுபவர்கள் இந்த எண்ணைத்தான் பெருக்குகிறார்கள்.

அப்புறம், 'நான்-கன்ட்ரோலிங் இன்ட்ரஸ்ட்' என்று இருப்பதெல்லாம் யூனிட்காரர்களுடையது அல்ல. ஒரே ஒரு மாலில் கூட்டுச் சேர்ந்த வெளியாளின் பங்கும் அதே தலைப்பில் வரலாம். அவருடைய லாபப் பங்கைத் திரும்பக் கூட்டக்கூடாது. அவருக்கான தேய்மானப் பங்கையும் கழித்துவிட வேண்டும். பிரிவினை அடிக்குறிப்பில் இருக்கும், தேடிப் படியுங்கள்.

மால்களை வைத்திருக்கும் சைமன் போன்ற ரீட் நிறுவனங்கள் ரீட்டுக்கும் கூட்டாண்மைக்கும் சேர்த்து ஒரே ஆண்டறிக்கை தாக்கல் செய்கின்றன. கூட்டாண்மையின் கணக்கில் யூனிட்காரர்கள் வெளியாட்கள் அல்ல, உரிமையாளர்கள். அதனால் அவர்கள் பங்கு அங்கே கழிக்கப்படாது. அவசரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து லாபத்தையும், ரீட் பக்கத்திலிருந்து பங்குகளின் எண்ணிக்கையையும் எடுத்தால் கணக்கு கோவிந்தா.

சந்தை மதிப்பிலும் இதே கதை. கடன் முழுவதையும் எடுத்துக்கொண்டு, பங்குவிலையை மட்டும் 9 கோடியால் பெருக்கினால் கடன் விகிதம் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். யூனிட்டைப் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்றாகப் பங்காகவோ, அதற்கு ஈடான பணமாகவோ மாற்றிக்கொள்ளலாம். ஆகவே பெருக்க வேண்டியது 10 கோடியால்.