தஞ்சாவூர்: காதுக்கும் நாக்குக்கும் மூன்று நாள்

தஞ்சாவூர்ப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மதியம் 12 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் இருக்கும் நேரம்தான். சன்னதிகள் நடை சாத்தியிருக்கும். பெரிய கோயில் முற்றத்துக் கல்தரையில் செருப்பில்லாமல் பத்தடி வைக்க முடியாது. பதினொரு மணிக்குக் கோயிலுக்குப் போய், ஒரு மணிக்குச் சாப்பிட்டு, மூன்று மணிக்கு அறையில் படுத்துவிடுகிறவர்கள் ஊரில் பாதியைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். விடியற்காலையும் சாயங்காலமும் கோயிலுக்கு, உச்சிவேளை அரண்மனைக்கு. இந்த வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

எந்த மாதம், எங்கே தங்குவது

மார்கழி, தை, மாசி நல்லது. சித்திரை, வைகாசியில் வெயில் ஆளை அடித்துப் போட்டுவிடும். திருவையாற்றில் இசை மேதை தியாகராஜரின் நினைவாக நடக்கும் ஆராதனைக்காகவே வருகிறீர்கள் என்றால், ஆங்கிலத் தேதியை நம்பி டிக்கெட் போடாதீர்கள். ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமி திதியில் வருவது. 2024இல் ஜனவரி 30, 2025இல் ஜனவரி 18 என்று ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் நகரும். சந்திரக் கணக்கில் கூடுதலாகச் சேரும் அதிக மாதம் வந்தால் மறுபடி பின்னால் போகும். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியை உறுதி செய்துகொண்டு, தஞ்சாவூரில் அறையை இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். அந்த வாரம் திருவையாற்றிலேயே அறை தேடுவது வீண் வேலை. மகா சிவராத்திரியை ஒட்டிப் பெரிய கோயிலில் நாட்டியாஞ்சலி என்ற நடன விழா நடக்கும். ஐப்பசியில் ராஜராஜனின் பிறந்த நட்சத்திர நாளான சதய விழா. ஆனால் அது மழைக்காலம், குடை இல்லாமல் வரக்கூடாது.

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் உழவன் எக்ஸ்பிரஸ் காலையில் கொண்டுவந்து விடும். விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருச்சி; அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். ரயில் நிலையத்துக்கும் பழைய பேருந்து நிலையத்துக்கும் நடுவில் அறை எடுங்கள். பெரிய கோயில், அரண்மனை, திருவையாறு டவுன் பஸ் எல்லாம் கைக்கெட்டும் தூரம். புது பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அதன் அருகில் தங்கினால் தினமும் ஆட்டோவுக்கே காசு போகும்.

முதல் நாள்: ஊருக்குள்ளே

காலை ஆறரைக்குள் பெரிய கோயில். 1010இல் கட்டி முடித்த கோயில், 216 அடி விமானம் என்பதெல்லாம் பலகையிலேயே இருக்கும். இசைக்காக வருகிறவர்கள் பார்க்க வேண்டியது கல்வெட்டுகளை. தினமும் திருப்பதியம் (தேவாரப் பாடல்கள்) பாட 48 பேர், கூடவே உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர் என ஐம்பது பேரை ராஜராஜன் நியமித்தது இங்கே எழுத்தில் இருக்கிறது. கோயிலைச் சுற்றிய தளிச்சேரிகளில் (ஆடல் பெண்டிர் குடியிருப்புகளில்) குடியேற்றிய 400 ஆடல் பெண்டிரின் பட்டியலும் பெயர் பெயராக இருக்கிறது. ஓர் இசைக் கலைஞருக்கு என்ன சம்பளம் என்று ஆயிரம் வருஷம் முன்பு கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. விமானத்தின் மேல் தளத்தில் 108 கரணங்களில் (நடன நிலைகளில்) 81 செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே பொதுமக்களை விடுவதில்லை. காவலரிடம் கெஞ்சி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிரதோஷத்தன்று சாயங்காலம் நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் அலைமோதும். அதைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் நாலு மணிக்கே இடம் பிடியுங்கள். இல்லையென்றால் அந்த நாளைத் திருவையாற்றுக்கு மாற்றிவிடுங்கள்.

டிபன் முடித்துப் பத்து மணிக்கு அரண்மனை. ஒரே டிக்கெட்டில் எல்லாம் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். கலைக்கூடம், சரஸ்வதி மகால் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. மூன்று நாளில் ஒன்று புதனாக இருந்தால் அன்றைக்கு வெளியூர்ப் பக்கம் போய்விடுங்கள். சங்கீத மகாலைத் தவற விடாதீர்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்துக் கச்சேரி அரங்கு அது. கூட்டம் இல்லாதபோது ஒருவர் முன்னால் நின்று மெல்லப் பேச, இன்னொருவர் பின்னால் நின்று கேட்டுப் பாருங்கள்.

வெயில் தாழ்ந்ததும் மேல வீதி. பங்காரு காமாட்சி அம்மன் கோயில் இங்கேதான். சியாமா சாஸ்திரிகள் பூஜை செய்து, அந்த அம்மன்மேலேயே பாடிய கோயில். இரண்டாம் சரபோஜி காலத்தில் பரதநாட்டியக் கச்சேரிக்கு இன்றைய வரிசையைக் கொடுத்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வரும் இந்த வீதிக்காரர்களே. அவர்கள் வம்சத்தார் வீடு தனியார் வீடு. அனுமதி இல்லாமல் கதவைத் தட்டுவது நாகரிகம் இல்லை.

இரவு சந்திரகலா. கோவாவைப் பூரணமாக வைத்துப் பொரித்துப் பாகில் ஊறவைத்த பிறை வடிவ இனிப்பு. பாம்பே ஸ்வீட்ஸில் வாங்கலாம். ஆளுக்கு ஒன்று போதும், இரண்டாவது திகட்டும்.

இரண்டாம் நாள்: திருவையாறு

பழைய பேருந்து நிலையத்திலிருந்து 13 கிலோமீட்டர். எந்த நேரமும் பஸ் உண்டு. சாதாரண நாளில் காலை எட்டு மணிக்குள் தியாகராஜர் சமாதிக்குப் போய்விடுங்கள். காவிரிக்கரையில் ஆள் அரவம் இருக்காது. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பாடலாம். யாரும் தகுதி கேட்க மாட்டார்கள். தியாகராஜர் சமாதிக்கு எதிரே பெங்களூர் நாகரத்தினம்மாள் சமாதி. சிதைந்து கிடந்த இடத்தைத் தன் சொத்தைச் செலவழித்துக் கோயிலாக்கியவர் அவர். பலர் ஒரு பார்வைகூடப் பார்க்காமல் போகிறார்கள். அங்கேயும் இரண்டு நிமிஷம் நில்லுங்கள்.

ஆராதனை நாள் வேறு மாதிரி. காலையில் தியாகராஜர் வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி (பாடிக்கொண்டே பிச்சை எடுக்கும்) ஊர்வலம் கிளம்பிச் சமாதிக்கு வரும். நாகஸ்வர மங்கள இசைக்குப் பிறகு சுமார் ஒன்பது மணிக்குப் பஞ்சரத்தினம், அதாவது தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ராக வரிசை மாறாது. எல்லாம் ஆதி தாளம். ஏழு மணிக்குள் பந்தலுக்குள் உட்காராவிட்டால் ஒலிபெருக்கியில்தான் கேட்க வேண்டியிருக்கும். கூடச் சேர்ந்து பாட விருப்பமானால் சாகித்யத்தை, அதாவது பாட்டின் வரிகளைத் தமிழ் எழுத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். நாட்டை சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. செல்பேசியில் பார்த்துப் பாடலாம் என்றால் அந்த நெரிசலில் சிக்னல் ஒத்துழைக்காது. வராளியை குரு நேராகச் சொல்லிக்கொடுத்தால் குரு சிஷ்ய உறவு கெடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் பலர் அதைக் கேட்டே கற்றவர்கள். நீங்கள் தடுமாறினால் துணைக்கு ஆள் இருக்கும்.

பிறகு ஐயாறப்பர் கோயில். பிராகாரத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று 'ஐயாறா' என்று கூப்பிட்டால் எதிரொலி ஏழு முறை திரும்பும் என்பார்கள். இடத்தைக் கோயில் ஆட்களே காட்டுவார்கள். கூட்டம் பேசிக்கொண்டிருந்தால் இரண்டுக்கு மேல் காதில் விழாது. காலையில் முதல் ஆளாகப் போவதன் பலன் இங்கே தெரியும்.

அசோகா சாப்பிடாமல் பஸ் ஏறாதீர்கள். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, கோதுமை மாவு, சர்க்கரை, நெய் சேர்த்துக் கிளறுவது. ஆண்டவர் அல்வா கடையில் வாழை இலைத் துண்டில் சூடாக வைத்துத் தருவார்கள். ஆறினால் நெய் உறைந்து பாதி ருசி போய்விடும். கூடவே ஒரு கை காரச் சேவு.

மூன்றாம் நாள்: தாராசுரம், கும்பகோணம்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு ரயிலே சௌகரியம், சுமார் 40 கிலோமீட்டர். இறங்கியதும் முதலில் காபி. நெடுஞ்சாலையெல்லாம் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகை தொங்குகிறதே, அதையெல்லாம் மறந்துவிட்டு ஊருக்குள் பழைய ஓட்டல் ஒன்றில் உட்காருங்கள். தண்ணீர் கலக்காத பால், முதல் டிகாக்ஷன், பித்தளை டபரா செட். சர்க்கரையைக் குறைக்கச் சொல்லாவிட்டால் பாயசமாகத்தான் வரும். இட்லிக்குக் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டுத் தேங்காய், கசகசா, சோம்பு அரைத்து விட்ட குழம்பு. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது, விசாரித்துவிட்டு உட்காருங்கள்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் அங்கிருந்து நாலு கிலோமீட்டர். பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் ஒவ்வொன்றும் வேறு வேறு நாதம் தரும். இப்போது பாதுகாப்புக்காகக் கம்பிக் கூண்டு போட்டிருக்கிறார்கள். தட்டிக் காட்டுகிறேன் என்று யாராவது கல்லோடு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கூடுதல் நேரமும் காரும் இருந்தால் ஆடுதுறைக்கு அப்பால் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்யும் ஊர். 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய ஆச்சா மரத்தைத்தான் கடைகிறார்கள். அன்றைக்கே திருவாரூரையும் சேர்ப்பவர்கள் உண்டு. சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் மூவரும் பிறந்த ஊரை ஒரு மணி நேரத்தில் பார்த்து என்ன ஆகப்போகிறது? அதற்குத் தனி நாள் வேண்டும்.

வீணை வாங்குவதானால்

தஞ்சாவூர் வீணை பலா மரம். குடம், தண்டி, யாளி முகம் மூன்றும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து ஒட்டினால் ஒட்டு வீணை, விலை குறைவு. பட்டறையில், தந்தியை அழுத்தி ஸ்வரம் பிடிக்கும் உலோகக் கட்டைகளான மெட்டுகள் 24ஐயும் ஒவ்வொன்றாக மீட்டிக் கேளுங்கள். ஏதாவது ஒன்றில் தந்தி 'ஜர்' என்று இழுத்தால் அங்கேயே சரிசெய்து தருவார்கள், ஊருக்குப் போனபின் முடியாது. மரம் நன்றாக உலராமல் செய்திருந்தால் குடத்தில் பின்னால் வெடிப்பு விடும். எத்தனை மாதம் உலர்த்தியது என்று கேட்டுவிடுங்கள். மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பவை. வெயிலில் நிறுத்திய காரில் வைத்தால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்து சுருதி போய்விடும். அனுப்பும்போது தந்திகளைத் தளர்த்தி, கெட்டிப் பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். கையோடு கொண்டுபோக நாலடி நீளம் தாங்காது. அசோகாவையும் கிளம்பும் நாளன்று வாங்குங்கள், முதல் நாளே வாங்கிச் சுமக்காதீர்கள்.