சமயத் தலைவர்களுக்கு அரசியல் மரியாதை: எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமேசுவரம் கோயில், ஏர்வாடி தர்கா, ஓரியூர் அருளானந்தர் ஆலயம் ஆகிய மூன்றும் உள்ள இராமநாதபுரம் கடற்கரையில், சமயப் பெரியவருக்கு அரசியல் தலைவர் பொன்னாடை போர்த்துவதும் அவரிடம் ஆசி பெறுவதும் அன்றாடக் காட்சிகள். பெரும்பாலும் அவை யாரையும் புண்படுத்துவதில்லை. மரியாதை பெறுகிறவர் பெண்களையோ ஒரு சாதியாரையோ பிற சமயத்தாரையோ தாழ்த்திப் பேசியவராக இருக்கும்போதுதான் ஊர் இரண்டுபடுகிறது. அப்போது எழும் வாதங்களில் கோபம் நியாயமானதாகவே இருந்தாலும், எடைபோடும் முறை பல வேளைகளில் பிசகிவிடுகிறது.

ஊரைப் பிளந்த கருத்துகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது இவற்றுள் பெரிய தவறு. ஜான் டி பிரிட்டோ என்ற போர்த்துகீசிய இயேசு சபைத் துறவி அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் கொல்லப்பட்டார். மதம் மாறிய மறவர் தலைவர் தடியத் தேவர் ஒரே மனைவியோடுதான் வாழ வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதும், விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் அன்றைய இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவினராக இருந்ததும் அந்தக் கொலைக்கு உடனடிக் காரணங்கள். ஒருவனுக்கு ஒருத்தி என்ற கருத்து அன்றைய மறவர் சீமையைப் பிளந்தது. இன்று அது பொது வழக்கம். (விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் கதி என்னவாயிற்று என்று கேட்பவர்கள் மட்டும் இன்றும் குறைவு.) ஆகவே ஒரு கருத்து சச்சரவை உண்டாக்கியதா என்று பார்ப்பது போதாது. அந்தக் கருத்து நடைமுறைக்கு வந்தால் யார் எதை இழப்பார்கள், யார் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுவார்கள் என்று பார்க்க வேண்டும்.

மரியாதையையே கொள்கை என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. இதற்கு நம் சீமையைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. 1897 ஜனவரி 26 அன்று பாம்பன் குந்துகாலில் வந்திறங்கிய விவேகானந்தரை இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வணங்கினார். விவேகானந்தர் அமர்ந்திருந்த வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்கள் இழுத்தபோது மன்னரும் அவர்களோடு சேர்ந்து இழுத்தார். ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவனே உண்மையில் சிவனை வழிபடுகிறான் என்று இராமேசுவரம் கோயிலில் பேசிய விவேகானந்தர், சில நாள்களில் மானாமதுரையில், நம் மதம் சமையலறைக்குள்ளும் 'தொடாதே' என்ற சொல்லுக்குள்ளும் அடைபட்டுவிட்டது என்று கடிந்துகொண்டார். அதே ஆண்டு மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டபோது, அவர்களுக்கு எதிராக வழக்குத் தொடுத்தவர் அக்கோயிலின் பரம்பரை அறங்காவலரான அதே பாஸ்கர சேதுபதி. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அந்த வழக்கு 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. சீர்திருத்தம் பேசிய துறவியைக் கொண்டாடியதால் மன்னரின் ஆட்சி சீர்திருத்த ஆட்சி ஆகிவிடவில்லை. இதன் மறுபக்கமும் உண்மைதான்: பிற்போக்கான ஒருவருக்குச் சால்வை போர்த்திய தலைவர் அக்கருத்தைச் சட்டமாக்கிவிடுவார் என்று அவர் கையெழுத்திட்டவற்றைப் பார்க்காமலே முடிவு கட்டக்கூடாது. சால்வையைவிட, அவர் போட்ட அரசாணையும் தொடுத்த வழக்கும் ஒதுக்கிய நிதியும் நம்பகமான சாட்சிகள்.

ஆனால் இதைச் சொன்னவுடன், மரியாதை வெறும் சடங்குதானே என்று தள்ளிவிடுவோரும் உண்டு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. பேசுவதும் கௌரவிப்பதும் வேறு வேறு. 1925இல் வைக்கத்தில் காந்தி, தீண்டாமையை விடாத நம்பூதிரியின் மனைக்கே சென்று வாதாடினார். வந்தவர்களை வீட்டுக்குள் விடாமல் புறத்தே உட்கார வைத்ததையும் பொறுத்துக்கொண்டார். அது உரையாடல். அவர் நம்பூதிரியை மேடையேற்றி மாலையிடவில்லை. அமெரிக்காவில் ஒபாமா 2009 ஜனவரி 20 அன்று தம் பதவியேற்பு விழாவில் தொடக்க வேண்டுதலைச் சொல்லப் போதகர் ரிக் வாரனை அழைத்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஒருபாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் 8ஆம் முன்மொழிவு கலிபோர்னியாவில் வென்றிருந்தது. வாரன் அதை ஆதரித்தவர். சமூகக் கருத்துகளில் வேறுபட்டாலும் ஒன்றுகூட வேண்டும் என்பது ஒபாமாவின் விளக்கம். அந்த விளக்கத்தில் நல்லெண்ணம் இருந்தது. ஆனால் திருமண உரிமையை அப்போதுதான் இழந்தவர்களிடம், நாடே பார்க்கும் மேடையில் அவரை ஏற்றுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது ஒற்றுமையின் விலை முழுவதையும் அவர்கள் தலையிலேயே சுமத்துவதாகும். நான்கு ஆண்டுகள் கழித்து, இரண்டாம் பதவியேற்புக்கு அழைக்கப்பட்ட போதகர் லூயி கிக்லியோ, ஒருபாலின உறவைக் கண்டித்து 1990களில் அவர் ஆற்றிய பிரசங்கம் ஒன்று வெளிவந்ததும் விலகிக்கொண்டார்.

எதற்காகக் கௌரவம், எந்த நாற்காலியிலிருந்து என்று பிரித்துப் பார்க்காததும் ஒரு தவறு. அன்னை தெரசா 1979 நோபல் உரையில் கருக்கலைப்பை அமைதியின் மிகப் பெரிய பகையாகச் சித்திரித்தார். இந்தியாவில் அதை அனுமதிக்கும் சட்டம் 1971லேயே வந்துவிட்டது. 1980இல் பாரத ரத்னா வழங்கிய அரசு அவருடைய தொண்டைப் போற்றியதே தவிர, சட்டத்தை மாற்றவில்லை. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், சுவாமிநாராயண் சபை ஒன்றின் (BAPS) தலைவரான பிரமுக் சுவாமியைத் தம் ஆன்மிக வழிகாட்டியாகப் போற்றி 2015இல் ஒரு நூலே எழுதினார். அச்சபையின் சாதுக்கள் பெண்களோடு பேசுவதைக்கூடத் தவிர்ப்பவர்கள். அதுபற்றிக் கலாமிடம் கேள்வி கேட்டிருந்தால் அதில் தவறில்லை. ஆனால் பதவியில் இல்லாத ஒருவர் எழுதிய நூலையும், பதவியில் இருப்பவர் அரசுச் செலவில் நடத்தும் பாராட்டு விழாவையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எதிர்ச் சமயத்தின் பேச்சாளரை மட்டும் எடைபோடுவது நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மடத்தைக் கண்டிப்பவர் ஜமாத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஜமாத்தைக் கண்டிப்பவர் பங்குத்தந்தையைப் பற்றிப் பேசுவதில்லை. கீழக்கரையிலும் தங்கச்சிமடத்திலும் தொண்டியிலும் மூன்று சமயத்தாரும் ஒரே பேருந்தில் போய்வரும் இந்தக் கடற்கரையில், அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறினால் நியாயமான கண்டனம்கூடப் பகையாகவே காதில் விழும்.

அரசு விழாவில் இப்படி ஒரு மரியாதை நடந்தால் வதந்தியை நம்பிச் சண்டையிட வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். 'ஏன் கௌரவித்தீர்கள்' என்று காரணம் கேட்டு எழுதினால் விண்ணப்பம் எளிதில் தட்டிக்கழிக்கப்படும். விழாவுக்கான ஆணையின் நகல், செலவுக் கணக்கு, அழைப்பாளர் பட்டியலை ஒப்புதல் செய்த கோப்பு என ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேட்பதே பலன் தரும்.