கண்ணன் என்ற பெயருக்குப் பொருள் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கண்ணன் என்றால் அழகிய கண்களை உடையவன்." குழந்தைக்குப் பெயர் தேடும் எவரும் இந்த விளக்கத்தைக் கடந்துதான் போக வேண்டும். பெயர்ப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டதில் அது கிட்டத்தட்ட வேதவாக்காகிவிட்டது. பெயருக்குள் 'கண்' பளிச்சென்று தெரிவதால் யாருக்கும் சந்தேகமும் வருவதில்லை.

ஆனால் இந்தப் பெயர் கண்ணிலிருந்து பிறந்ததல்ல, கருமையிலிருந்து பிறந்தது. வடமொழியில் 'கிருஷ்ண' என்றால் கரிய என்று பொருள். தேய்பிறையைக் கிருஷ்ண பட்சம் என்பதும், கருநாகத்தைக் கிருஷ்ண சர்ப்பம் என்பதும் இதனால்தான். அந்தச் சொல் பேச்சு வழக்கான பிராகிருதத்திலும் பாலியிலும் 'கண்ஹ' என்று மாறியது. சாதவாகன அரசர்களில் ஒருவரை நாசிக் குகைக் கல்வெட்டு 'கண்ஹ' என்றே குறிக்கிறது. இந்தியின் கான்ஹாவும் கன்ஹையாவும் அந்த வழியில் வந்தவைதான். தமிழில் ஹகரத்துக்கு இடமில்லை. எனவே 'ண்ஹ' என்பது 'ண்ண' ஆகி, 'அன்' என்ற ஆண்பால் விகுதியும் சேர்ந்துகொள்ள, கண்ணன் ஆயிற்று.

கண்ணன் தூய தமிழ், கிருஷ்ணன் வடமொழி, இரண்டும் வெவ்வேறு பெயர்கள் என்று வாதிடுவோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரே சொல் இரு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. பிராகிருத வாசல் வழியாக வந்தது கண்ணன். வடமொழியிலிருந்து நேரே வந்தது கிருட்டிணன். அது வீட்டுப் பேச்சில் கிட்டிணன், கிட்டன், கிட்டு என்று தேய்ந்தது. தமிழன் வாயில் இவ்வளவு காலம் புழங்கி, தமிழ் விகுதியும் ஏற்ற பெயரைத் தமிழ்ப் பெயர் அல்ல என்று ஒதுக்குவதும் என் பார்வையில் வீண் பிடிவாதம்தான்.

பெயர் கருமையிலிருந்து பிறந்தது என்பதற்கு ஆண்டாளை ஒரு சாட்சியாக வைக்கலாம். "கண்ணன் என்னும் கருந்தெய்வம்" என்கிறாள் அவள். பெயரும் அந்தப் பெயருக்கு மூலமான நிறமும் அடுத்தடுத்து நிற்கின்றன.

அதற்காக, கண்ணைப் பற்றிய விளக்கம் முழுக்கப் பிழை என்று தூக்கி எறிவது அடுத்த தவறு. நம்மாழ்வார் திருவாய்மொழியில், உண்ணும் சோறும் பருகும் நீரும் தின்னும் வெற்றிலையும் எல்லாம் கண்ணன் என்று சொல்லிக் கண்களில் நீர் மல்கும் பெண்ணைக் காட்டுகிறார். கண்ணனும் கண்களும் ஒரே மூச்சில் வருகின்றன. அந்த ஒலி ஒற்றுமை அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. பக்தர்கள் "எங்கள் கண் போன்றவன்" என்றும், "கண்ணோட்டம் உடையவன்", அதாவது இரக்கம் உடையவன், என்றும் பொருள் கொண்டதெல்லாம் இந்த ஒற்றுமையில் கிளைத்தவை. அவை பெயருக்குப் பின்னால் சேர்ந்த பொருள்கள். சேர்ந்த பொருளும் பொருள்தான், அதைப் பிறப்பு என்று சொல்லாதவரை.

இலக்கணமும் இந்தக் குழப்பத்துக்குத் துணை போகிறது. கண் என்பதோடு அன் சேர்ந்தால் ஒற்று இரட்டித்துக் கண்ணன் என்றுதான் வரும். முக்கண்ணன் என்றால் சிவன், ஆயிரங்கண்ணன் என்றால் இந்திரன். சோழன் கோச்செங்கணான் பெயரில் சிவந்த கண் இருக்கிறது. இவற்றில் வருவது உண்மையிலேயே கண்தான், கிருஷ்ணனுக்கு அங்கே வேலை இல்லை. கவனித்தால் ஒன்று தெரியும்: இவை எல்லாவற்றிலும் கண்ணுக்கு முன்னால் ஓர் அடைமொழி நிற்கிறது. எல்லோருக்கும் கண் உண்டு. எத்தனை கண், எப்படிப்பட்ட கண் என்று சொன்னால்தான் அது ஒருவரை அடையாளம் காட்டும் பெயராகும். தனியாக நிற்கும் கண்ணனுக்கு அந்த அடைமொழி இல்லை. குறளில் வரும் 'தாமரைக்கண்ணான்' திருமாலையே குறிப்பதாக உரைகள் சொன்னாலும், அங்கே அவரை அடையாளம் காட்டுவது தாமரை.

கண்ணப்பன் என்ற பெயரைக் கிருஷ்ணன் கணக்கில் எழுதுவோரும் இருக்கிறார்கள். கண்ணப்ப நாயனாரின் இயற்பெயர் திண்ணன். காளத்தியில் சிவலிங்கத்தின் கண்ணில் குருதி வழியக் கண்டு தன் கண்ணைப் பெயர்த்து அப்பியதால் வந்த பெயர் அது. சைவப் பெயருக்கு வைணவப் பொருள் எழுதி வைத்தால் பெயர் சூட்டிய பாட்டனார் சும்மா விடமாட்டார்.

சங்கப் புலவர் பெயர்களில் இன்னும் நிதானம் வேண்டும். பட்டினப்பாலை பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பதிற்றுப்பத்தில் இரண்டாம் பத்தைப் பாடியவர் குமட்டூர்க் கண்ணனார். இவர்களைப் பார்த்ததும், சங்க காலத்திலேயே கிருஷ்ண பக்தர்கள் இப்பெயர் வைத்துக்கொண்டார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனாரையே எடுத்துக்கொள்வோம். காரி என்பவர் மகன் கண்ணன் என்றும் பிரிக்கலாம், கரிய கண்ணை உடையவர் என்றும் பிரிக்கலாம். சோழனும் பாண்டியனும் ஒருங்கிருந்ததைக் கண்டு அவர் பாடியது புறநானூற்றின் 58ஆம் பாட்டு. அதில் இருவரையும் பால்நிறப் பனைக்கொடியோனும் நீல்நிற நேமியோனும் சேர்ந்து நிற்பதுபோல் இருக்கிறது என்கிறார். பலராமனும் திருமாலும் வருகிறார்கள். ஆனால் தன் பெயரில் கண்ணனை வைத்திருக்கும் அந்தப் புலவர் அந்தத் தெய்வத்துக்கு அங்கே அப்பெயரைப் பயன்படுத்தவில்லை.

எழுத்துப் பிழையிலிருந்து பிறக்கும் தவறும் உண்டு. மூன்று சுழி ண போட்டால் கண்ணன், இரண்டு சுழி ன போட்டால் கன்னன். கன்னன் என்பது பழைய தமிழ் நூல்களில் கர்ணன். வடமொழியில் கர்ணம் என்றால் காது. ஆக, ஒரு சுழி குறைந்தால் பாண்டவரின் நண்பன் கௌரவரின் நண்பனாகிவிடுகிறான். ரோமன் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் என்பதால், அதை மட்டும் பார்த்துப் பொருள் எழுதுவது குருட்டு வேலை. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் கங்கையைக் கடக்க உதவும் 'நூற்றுவர் கன்னர்' யார்? நூறு கர்ணர்களும் அல்ல, நூறு கண்ணன்களும் அல்ல. சதகர்ணி என்ற சாதவாகனப் பெயரின் தமிழாக்கம் அது என்பது ஆய்வாளர்கள் பலர் கொண்ட கருத்து. 'சத' என்பதை நூறு என்று கொண்டு அப்படியே பெயர்த்திருக்கிறார்கள்.

சுழியை வைத்தே எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்று நினைத்தால் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. 949இல் தக்கோலத்தில் சோழர் படையை வென்ற இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனைத் தமிழ்க் கல்வெட்டுகள் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்கின்றன. இரண்டு சுழிதான், ஆனாலும் கர்ணன் அல்ல, கிருஷ்ணன். கன்னட நாட்டில் வழங்கிய வடிவம் அப்படியே கல்லில் ஏறியிருக்கிறது. தெலுங்கின் கன்னய்யாவும் இப்படித்தான். பெயர் எந்த மொழி வழியாக வந்தது என்று பார்க்காமல் எழுத்தை மட்டும் எண்ணினால் பயனில்லை.

கருப்பு என்ற பொருளை மறைப்பது எனக்கு எரிச்சலூட்டும் தவறு. பல பட்டியல்களில் கிருஷ்ணனுக்கு 'எல்லோரையும் ஈர்ப்பவன்' என்ற பொருள் மட்டுமே இருக்கும். இழுத்தல் என்ற பொருளுள்ள வினையடியோடு பெயரைச் சேர்த்துச் சொன்ன சமய விளக்கம் அது. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்திலேயே 'கிருஷி' என்பதற்குப் பூமி, 'ண' என்பதற்கு ஆனந்தம் என்று வேறொரு விளக்கமும் இருக்கிறது. பெயரைப் பிரித்துப் பிரித்துப் பொருள் காண்பது ஒரு வழிபாட்டு முறை. அதைச் சொல்வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறத்துக்கு வெட்கப்பட்டவர்கள் வைத்த பெயராகவும் இது தெரியவில்லை. வியாசர் கிருஷ்ண துவைபாயனர், திரௌபதி கிருஷ்ணை, அர்ச்சுனனின் பத்துப் பெயர்களில் ஒன்று கிருஷ்ணன். தமிழில் மாயோன், மால், கரியவன் என்று கருமையைச் சொல்லியே திருமாலைக் கொண்டாடியிருக்கிறார்கள்.

ஒலி ஒற்றுமையை நம்பிக் கிருஷ்ணனையும் கிறிஸ்துவையும் ஒரே பெயர் என்று சொல்வதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கிறிஸ்து என்பது எண்ணெய் பூசப்பட்டவர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். கருமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கிருஷ்ண என்ற சொல்லுக்கு ஐரோப்பாவில் உறவு தேடுவதானால், வழக்கொழிந்த பழைய பிரஷ்ய மொழியில் கருப்பைக் குறித்த 'கிர்ஸ்னன்' இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கண்ணம்மாவைக் கண்ணனின் பெண்பால் என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணே, கண்ணு, கண்ணம்மா என்பவை கண்ணிலிருந்து வந்த கொஞ்சல் சொற்கள். வீட்டில் கண்ணு என்று அழைக்கப்பட்ட பையன் பள்ளிப் பதிவேட்டில் கண்ணன் ஆகியிருந்தால், அவன் பெயருக்கு மட்டும் கண் என்றே பொருள் எழுதலாம். யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று அவன் வீட்டாரிடம் கேட்ட பிறகு.